பரிமாறும் கை பத்திரமா?

ஓட்டலில் நாம் ருசியைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம். பார்க்க மறந்துவிடுகிற ஒன்று உண்டு!

ஓட்டலுக்குச் சாப்பிடப் போகிறீர்கள். உள்ளே நுழைந்ததும் எதைக் கவனிப்பீர்கள்? ஃபேன் ஓடுகிறதா, மேஜை துடைத்திருக்கிறதா, கூட்டம் இருக்கிறதா... இவ்வளவுதானே? 'கூட்டமா இருக்கே, அப்போ சாப்பாடு நல்லாத்தான் இருக்கும்' என்று உட்கார்ந்துவிடுகிறோம். தட்டு வந்ததும் ருசி பார்க்கிறோம். பில் வந்ததும் விலையைப் பார்க்கிறோம். ஆனால், அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்த கையை என்றைக்காவது பார்த்திருக்கிறோமா?

மாவு அரைப்பவர், காய் நறுக்குபவர், பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், சப்ளையர், கிளீனர் என்று ஓட்டல் சாப்பாடு நம் வாய்க்கு வருவதற்குள் எத்தனையோ கைகள் மாறிவிடுகின்றன. அதில் ஒரு கை அழுக்காக இருந்தாலும் போதும், மற்றவர்களின் சுத்தமெல்லாம் வீண்! 'அந்தக் கைகளுக்குச் சுத்தத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்?' என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதில் 'யாருமில்லை' என்பதுதான்.

பௌர்ணமிக்கும் கூட்டம், அமாவாசைக்கும் கூட்டம்

செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிற ஊர். பௌர்ணமி கிரிவலத்துக்குச் சென்னைப் பக்கமிருந்து போகிற பஸ்களும் வேன்களும் ஏராளமாக இந்த வழியாகத்தான் போகின்றன. அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவம். அதற்குப் போகிறவர்களும் செஞ்சியில் இறங்கிச் சாப்பிடுவார்கள். போதாததற்கு, 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர் கால ராணுவத் தலங்கள் என்ற வரிசையில் தேர்வான 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருந்து போனது இது ஒன்றுதான். சனி, ஞாயிறுகளில் ராஜகிரி ஏறி இறங்குகிறவர்களின் பசியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்!

செஞ்சி ஓட்டல்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. இப்படித் திடீர்க் கூட்டம் வருகிற எந்த ஊருக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாதாரண நாளில் நூறு பேருக்குச் சமைக்கிற அடுப்படி, விசேஷ நாளில் அதைப் போல ஐந்து மடங்கு பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கும். ராத்திரிக் கூட்டத்துக்குப் பகலிலேயே குருமாவும் சாதமும் செய்து வைக்கிறார்கள். ஆள் பற்றாக்குறைக்கு ரெண்டு நாளைக்கு மட்டும் புது ஆட்களைப் பிடிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நேரம் இல்லை. கை கழுவவும் நேரம் இல்லை.

அந்தக் காலத்துச் செஞ்சிக்காரர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. கோட்டைக்குள் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பெரிய பெரிய தானியக் களஞ்சியங்கள். மலை மேலேயும் கீழேயும் சுனைகள், குளங்கள். கல்யாண மகாலுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர்! 1690-ல் தொடங்கிய மொகலாயர் முற்றுகையை 1698 வரை தாக்குப்பிடித்த கோட்டை இது. மதில் மட்டும் இருந்தால் போதுமா? உள்ளே இருந்த தானியமும் தண்ணீரும் கெட்டுப்போகாமல் இருந்ததும் ஒரு காரணம் அல்லவா?

ஒன்று, ஏழு மணி நேரத்தில் இருபது லட்சம்!

சமைத்து வைத்த உணவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ்... இந்த இடைப்பட்ட சூடு கிருமிகளுக்குச் சொர்க்கம். நம்ம ஊர் அறைவெப்பம் இதற்குள் அடக்கம். தோதான சூடும் ஈரமும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். காலை 11 மணிக்கு ஒன்றே ஒன்று இருந்தால் பகல் 12 மணிக்கு 8. மாலை 6 மணிக்கு? சுமார் 20 லட்சம்! இத்தனைக்கும் வாடை மாறாது, நிறம் மாறாது. வாய்க்கு ருசியாகவே இருக்கும்.

'அதான் மறுபடியும் சூடு பண்ணித் தர்றாங்களே?' என்கிறீர்களா? அங்கேதான் ஏமாந்துபோகிறோம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால், சில கிருமிகள் சாவதற்கு முன் உணவில் கக்கி வைத்த விஷம் கொதியிலும் அழியாது. ஆறிய சாதத்தில் வளரும் 'பேசில்லஸ் சீரியஸ்' இந்த ரகம். சாதம் வேகும்போதுகூட இதன் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். மதியச் சாதத்தை வெளியிலேயே வைத்திருந்து ராத்திரி ஃபிரைடு ரைஸாக்கினால், சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று 'ஸ்டெஃபைலோகாக்கஸ்'. இது எங்கோ வெளியிலிருந்து வருவதில்லை. மனிதர்களின் மூக்கிலும், தோலிலும், சீழ் வைத்த புண்ணிலும் இருப்பது. மூக்கைத் தேய்த்த விரலும், கட்டுப்போடாத வெட்டுக்காயமும் உணவைத் தொட்டால் போதும். பெரிய அண்டாவில் மெதுவாக ஆறும் குருமா, பிரியாணிக்குள் வளரும் 'கிளாஸ்ட்ரிடியம்' வேறு இருக்கிறது.

யார் யார் கையில் என்ன?

சமையல் மாஸ்டர்: கோழி வெட்டிய பலகையிலேயே, அதே கத்தியால் வெங்காயம் நறுக்குவார். கோழியில் இருக்கும் 'சால்மொனெல்லா' பச்சை வெங்காயத்துக்கு மாறிவிடும். கோழி வெந்துவிடும், வெங்காயம் வேகாமல் அப்படியே நம் தட்டுக்கு வரும். இன்னொரு பழக்கம், உப்பு பார்க்கிறேன் என்று சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, அதே கையோடு வேலையைத் தொடர்வது. இப்போது கூடவே செல்போன் வேறு!

சப்ளையர்: தோளில் ஒரு துண்டு கிடக்கும். முகம் துடைக்கவும் அதுதான், மேஜை துடைக்கவும் அதுதான், ஈரத் தட்டைத் துடைக்கவும் அதுதான். ஒரே நடையில் நாலு டம்ளர் கொண்டுவர வேண்டும் என்று நாலு விரலை உள்ளே விட்டுக் கவ்வி எடுத்து வருவார். அந்த விரல் நனைந்த தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

டீ மாஸ்டர்: குடித்த கிளாஸ்களை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் கழுவியதாகக் கணக்கு. காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் டீ நிறத்துக்கு வந்துவிடும்.

கிளீனர்: எச்சில் இலை எடுப்பவரும், கழிவறையைக் கழுவுபவரும் சில இடங்களில் ஒரே ஆள். கூட்டம் அதிகமானால், 'டேய், வந்து வெங்காயம் உரி' என்று அவரையே உள்ளே கூப்பிடுவார்கள். சோப்பு இருக்கிறதா, கை கழுவத் தனிக் குழாய் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

பார்சல் கட்டுபவர்: கல்லாவில் காசு வாங்கிய கையோடு சட்னி கட்டுவார். ஒட்டிக்கொண்ட கவரைப் பிரிக்க வாயால் ஊதுவார் அல்லது விரலை எச்சிலில் தொட்டுக்கொள்வார். பஜ்ஜி, வடையைச் செய்தித்தாளில் சுற்றித் தருவார். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் கலக்கும் என்பதால் உணவுப் பொருளைச் செய்தித்தாளில் கட்டுவதற்குச் சட்டப்படியே தடை இருக்கிறது.

இவர்களில் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் பக்கத்தில் இருந்தவர் எப்படிச் செய்தாரோ, அப்படியே செய்கிறார்கள். அவ்வளவுதான்!

காய்ச்சலே இல்லாமல் டைபாய்டு கொடுத்தவர்

'ஆள் நல்லாத்தானே இருக்கார், அவராலே என்ன வரப் போகுது?' என்று கேட்பவர்கள் மேரி மல்லனின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் பணக்கார வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர். 1906-ல் ஒரு வீட்டில் வரிசையாகப் பலருக்கு டைபாய்டு. விசாரிக்கப் போனவர்கள் மேரி முன்பு வேலை பார்த்த வீடுகளிலும் இதே கதை என்று கண்டுபிடித்தார்கள். ஆனால், மேரிக்குக் காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை, ஆரோக்கியமாக நடமாடினார். கிருமி அவர் உடம்பில் குடியிருந்து மலத்தோடு வெளியேறி, சரியாகக் கழுவாத கை வழியாக உணவில் கலந்துகொண்டிருந்தது!

1907-ல் அவரைப் பிடித்துத் தனிமையில் வைத்தார்கள். 'இனிமேல் சமையல் வேலைக்குப் போக மாட்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டு 1910-ல் விட்டார்கள். துணி வெளுக்கும் வேலைக்குப் போனார். அதில் வருமானம் குறைவு. பேரை மாற்றிக்கொண்டு மறுபடியும் சமையலுக்கே வந்துவிட்டார். 1915-ல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு டைபாய்டு வந்தபோது அங்கே சமையற்காரர் அவர்தான்! அதன் பிறகு 1938-ல் சாகும்வரை தனிமைதான். அவரால் 50 பேருக்கு மேல் நோய் வந்ததாகக் கணக்கு.

இந்தக் கதையில் நமக்கு வேண்டியது மேரியின் பிடிவாதம் அல்ல. வயிற்றுப் பிழைப்புக்கு மாற்று வழி காட்டாமல் 'வேலைக்குப் போகாதே' என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதுதான். இன்றைக்கு நம்ம ஊர் ஓட்டலில் ஒரு சப்ளையருக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. பேசாமல் வந்து பரிமாறுவாரா, மாட்டாரா? நீங்களே சொல்லுங்கள்!

மஞ்சள் காமாலையில் ஏ வகைக் கிருமியும் இப்படித்தான். கண் மஞ்சளாவதற்கு முன்னாலேயே, முதல் இரண்டு வாரம் வரை, அந்த நபர் பிறருக்குப் பரப்பிக்கொண்டிருப்பார்.

பக்கத்திலேயே நடந்தவை

உணவால் வரும் நோய்களால் உலகில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் பாதிக்கப்படுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் மதிப்பிட்டது. எங்கோ நடக்கிற விஷயம் என்று நினைக்காதீர்கள். செஞ்சிக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், ஆரணியில், 2021 செப்டம்பரில் ஓட்டலில் அசைவம் சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்தாள்; பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். 40 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்டு 16 வயது மாணவி இறந்தபோது, நோயாளிகளிடம் 'ஷிகெல்லா' கிருமி இருப்பது தெரிந்தது. இது பெரும்பாலும் மனித மலத்திலிருந்து கை வழியாகவும் தண்ணீர் வழியாகவும் பரவுவது. வெறும் சோப்பும் தண்ணீரும் தடுத்திருக்கக்கூடிய கிருமி!

கேரள அரசு 2023-ல் ஓட்டல் ஊழியர்களுக்கு 'ஹெல்த் கார்டு' கட்டாயம் என்றது. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தடை போட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ல் இயற்றி 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. உணவைக் கையாளும் ஊழியருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. டைபாய்டு போன்ற குடல் நோய்களுக்குத் தடுப்பூசி. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, சீழ்ப்புண் உள்ளவர் உணவைத் தொடக் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். தலைக்குத் தொப்பி வேண்டும்.

பயிற்சிக்கும் ஏற்பாடு உண்டு. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் 'ஃபோஸ்டாக்' என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. உரிமம் பெற்ற நிறுவனங்களில் 25 ஊழியர்களுக்கு ஒருவராவது இதில் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால், சர்டிபிகேட் வாங்கியவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பாத்திரம் கழுவுகிறவர் பின்கட்டில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே இல்லை என்றால் சர்டிபிகேட் சுவரில்தான் தொங்கும். ஆட்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பலர் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள். தமிழில் எழுதி ஒட்டிய 'கையைக் கழுவவும்' அட்டை அவர்களுக்குப் புரியுமா? படம் போட்டுக் காட்டினால் புரியும். செய்து காட்டினால் இன்னும் நன்றாகப் புரியும்.

சுலபமான ஒரு வழி இருக்கிறது. ஊழியரின் கையில் எண்ணெயில் குழைத்த அடுப்புக்கரியைத் தடவி, வழக்கம்போல் கழுவச் சொல்லுங்கள். நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரல் அடியில் கரி அப்படியே இருக்கும். 'கிருமியும் இங்கேதாம்பா ஒளிஞ்சிருக்கும்' என்று ஒருமுறை காட்டினால் போதும், மறக்க மாட்டார். பிறகு, சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவப் பழக்கலாம்.

கையுறை போட்டால் போதுமா? போதாது. கையுறையோடு காசு வாங்கி, தலை சொறிந்து, அதோடு பரிமாறினால் வெறுங்கையைவிட மோசம். வெறுங்கை பிசுபிசுத்தால் கழுவத் தோன்றும். கையுறைக்குள் ஒன்றும் தெரியாது.

பயிற்சி மட்டும் கொடுத்துச் சோப்பு கொடுக்காவிட்டால் என்ன பயன்? சமையலறை வாசலில் ஒரு குழாய், தீராத சோப்பு, வயிறு சரியில்லாதவருக்குச் சம்பளத்தோடு ரெண்டு நாள் லீவு... இந்த மூன்றும் இருந்தால்தான் பயிற்சி பலிக்கும். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் தகுதியுள்ள ஊழியர்களை இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்தால், நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வழி உண்டு. ஓட்டல்காரர்கள் இதைச் செலவு என்று நினைக்கக் கூடாது. ஒரு புட் பாய்சன் செய்தி பேப்பரில் வந்தால் ஆகிற நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்!

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* முதலில் கை கழுவும் இடத்தைப் பாருங்கள். வாடிக்கையாளருக்கே சோப்பு இல்லாத இடத்தில் ஊழியருக்கு இருக்குமா?

* பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து இது கட்டாயம்.

* கூட்ட நாளில் ஆவி பறக்கக் கண்ணெதிரே வேகிற இட்லி, தோசை உத்தமம். ஆறிய சாதம், தயிர்ப்பச்சடி, நறுக்கி வைத்த பழம், வாளியில் கிடக்கும் தேங்காய்ச் சட்னி இவற்றைத் தவிருங்கள்.

* கோழியைப் பிட்டுப் பாருங்கள். எலும்பை ஒட்டிச் சிவப்பாக, கொழகொழவென்று இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். சிவப்பு இல்லை என்பதற்காக முழுக்க வெந்தது என்றும் அர்த்தமில்லை. நடுப்பகுதியும் சுடச்சுட இருக்க வேண்டும்.

* டம்ளருக்குள் விரல் விட்டால், 'தம்பி, அடியில பிடிச்சுக் கொண்டு வாங்களேன்' என்று தன்மையாகச் சொல்லுங்கள். அவரை நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள். போகும்போது முதலாளியிடம், 'உள்ளே சோப்பு வெச்சிருக்கீங்களா?' என்று கேளுங்கள். கேட்க வேண்டிய இடம் அதுதான்.

* வாங்கிய பார்சலை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். செஞ்சியில் கட்டியதைக் கிரிவலம் முடித்து விடியற்காலையில் பிரிக்காதீர்கள்!

வயிறு கெட்டுவிட்டால்...

வாந்தி, பேதி என்றால் முதல் மருந்து உப்பு-சர்க்கரைக் கரைசல். பாக்கெட் கிடைத்தால் அதில் சொன்ன அளவு தண்ணீரில் கரையுங்கள். கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், சிறுநீர் குறைவது, மயக்கம், எதைக் குடித்தாலும் வாந்தி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மீதி உணவு இருந்தால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம். நீங்கள் ஒருவர் சொன்னால், அடுத்த பௌர்ணமிக்கு வருகிற நாற்பது பேர் தப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஓட்டலுக்குச் சொன்னதெல்லாம் நம் வீட்டு அடுப்படிக்கும் பொருந்தும். கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்காதீர்கள். மதியச் சாதத்தை ராத்திரி வரை மேடையிலேயே விடாதீர்கள். வீட்டில் சமைத்துக் கொடுக்கிற அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் சமையலிலிருந்து ரெண்டு நாள் ஓய்வு கொடுங்கள். வேலைக்கு வருகிற பெண்மணிக்கு வயிறு சரியில்லை என்றால் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள். ஓட்டல் முதலாளியிடம் நாம் எதிர்பார்ப்பதை நம் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போமே!